கல்வராயன் மலைச் சாலையிலே

எங்கள் எதிர் வீட்டுக்காரர்கள் சென்ற கோடை விடுமுறையில் இமயமலைப் பக்கம் காரில் போய்விட்டு வந்தார்கள். வந்தவர்கள் பேசாமல் இருந்தார்களா? அந்த அம்மாள் மாலைதோறும் செல்போனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். "இதோ பாருங்கள், இது பனிமலை. இது சாலையைக் கடக்கும் மான். இது எங்கள் காரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பிஸ்கோத்துத் தின்ற குரங்கு!" என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். எனக்குப் பனிமலையும் மானும் பிடித்தன. என் பிள்ளைகள் இருவருக்கும் அந்தக் குரங்கின் மேல்தான் கண்.

"அப்பா, நாமும் வடக்கே போகலாம்" என்று ஆரம்பித்தார்கள்.

என் கணவர் ஒரு காகிதத்தை எடுத்துப் பெட்ரோல், சுங்கச் சாவடி, ஹோட்டல் என்று கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வடக்கு என்றால் இமயமலைதானா? கள்ளக்குறிச்சிக்கு வடமேற்கே கூட ஒரு மலை இருக்கிறது. அக்காவும் எத்தனை வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்!" என்றார்.

கள்ளக்குறிச்சியில் என் நாத்தனார் இருக்கிறார். அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவேன். கல்வராயன் மலையை உள்ளங்கை போல் அறிந்தவர். ஆக, இமயமலை கைவிட்டுப் போய், கல்வராயன் மலை கைக்கு வந்தது. அரைப் பரீட்சை முடிந்த மறுநாளே மூட்டை கட்டினோம்.

செய்தி தெரிந்ததும் எதிர் வீட்டு அம்மாள் முகத்தைச் சுளித்தாள். "கள்ளக்குறிச்சியா? அந்த விஷச் சாராய ஊரா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 2024 ஜூன் மாதத்தில் அங்கே விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது உண்மைதான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஓர் ஊருக்கு ஒரு துக்கம் நேர்ந்துவிட்டால், அதற்கப்புறம் அந்தத் துக்கமே அதன் பெயராகிவிட வேண்டுமா, என்ன?

*

சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி சுமார் 250 கிலோமீட்டர். திண்டிவனம், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை வரை திருச்சிச் சாலை. அங்கே வலது பக்கம் சேலத்துக்குப் பிரியும் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதி வழி வந்துவிடலாம். நாங்களும் விடியற்காலையில் கிளம்புவதாகத்தான் இருந்தோம். புளியோதரை, தயிர் சாதம், மோர் மிளகாய், வெந்நீர் ப்ளாஸ்க், பிள்ளைகளின் கம்பளிச் சட்டை எல்லாம் எடுத்து வைத்துக் கதவைப் பூட்டியபோது மணி ஒன்பது. "இமயமலைக்குப் போகிறவர்கள் கூட இவ்வளவு எடுத்துப் போக மாட்டார்கள்" என்றார் என் கணவர். மத்தியானம் புளியோதரையில் பாதியைத் தீர்த்தவரும் அவரேதான்.

உளுந்தூர்பேட்டை தாண்டிச் சற்று தூரம் போனதும் சாலையோரத்தில் தியாகதுருகம் பாறைக் குன்று எழுந்து நிற்கிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், பிறகு மைசூர்ப் படைகளும் கோட்டை கோட்டையாகப் பிடித்துச் சண்டை போட்ட காலத்தில் இந்தக் கோட்டைக்கும் வேலை இருந்தது. இப்போது அதற்கு வேலை, காரில் போகிறவர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்வதுதான். அதற்கு அப்பால் மேற்கே பார்த்தால் அடிவானத்தில் நீலமாக ஒரு கோடு தெரிகிறது. மேகமென்று நினைத்தேன். மேகமல்ல, அதுதான் கல்வராயன் மலை.

கள்ளக்குறிச்சி 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கடைத்தெருவில் இன்னும் கிராமத்து மணம் போகவில்லை. அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணா பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். வாத்தியார் அல்லவா!

"இது கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஏற்காட்டு மலை, ஜவ்வாது மலை, பச்சைமலை எல்லாம் இதற்கு அண்ணன் தம்பிகள். பெரும்பாலும் 2,000 அடியிலிருந்து 3,000 அடி வரை உயரம். சில இடங்களில் அதற்கு மேலும் உண்டு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பாகம். மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி. மறுபக்கம் சேலம் மாவட்டம்."

"புலி இருக்கிறதா, மாமா?" என்று கேட்டான் சின்னவன்.

"புலி, யானை என்று தேடி வந்தால் இந்த மலையில் ஏமாந்து போவாய். கரடி உண்டு, காட்டுப்பன்றி உண்டு, மான் உண்டு, முள்ளம்பன்றி உண்டு. ஆனால் எதுவும் உனக்காகச் சாலையில் வந்து காத்துக்கொண்டிராது. நீதான் காத்திருக்க வேண்டும்."

"குரங்கு?"

"அதற்கு மட்டும் குறைவில்லை" என்றார் அண்ணா.

*

மறுநாள் காலை உண்மையாகவே ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். அண்ணி இருக்கும்போது தாமதமாகக் கிளம்ப முடியுமா? கச்சிராயபாளையம் சாலையில் இரு பக்கமும் கரும்புத் தோட்டம். அந்த ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனதில் பொழுது மெல்ல விடிந்தது.

அதைத் தாண்டி மலையின் காலடியில் கோமுகி அணை. 1960-களில் கட்டியது, 46 அடி ஆழம். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றை இங்கே நிறுத்தி வைத்து வயல்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆறு பிறகு வெள்ளாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. நாங்கள் போன நேரத்தில் தண்ணீரின் மேல் புகை போல மூடுபனி. கரையோரத்துப் பட்ட மரம் ஒன்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. துணி உலர்த்தும் கொடி எனக்கு நினைவு வந்தது. திடீரென்று நீலப் பொறி ஒன்று தண்ணீரில் பாய்ந்து எழுந்தது. மீன்கொத்தி! "பிடித்துவிட்டது, பிடித்துவிட்டது!" என்று குதித்தாள் பெரியவள். அதன் அலகில் வெள்ளியாக ஒரு மீன் துடித்தது.

அணையை விட்டுக் கிளம்பியதும் சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. அண்ணா என் கணவரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பாட்டும் வைக்கக் கூடாது."

"இருபதா? மாட்டு வண்டியிலேயே வந்திருக்கலாமே!" என்றார் இவர்.

"மாட்டு வண்டியில் போனவர்கள் எல்லாம் நிறையப் பார்த்தார்கள், அப்பா" என்றார் அண்ணா.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு கீரி, சாலையின் குறுக்கே பழுப்புக் கயிறு இழுத்தது போல் ஓடி மறைந்தது. அடுத்த திருப்பத்தில் மூன்று மயில்கள், கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய பெண்கள் மாதிரி புடைவைத் தலைப்பு தரையில் படாதபடி மெல்ல நடந்து போயின. அதற்கப்புறம் புதரிலிருந்து ஒரு சேவல் வந்து நின்றது. வீட்டுச் சேவல் போலத்தான் இருந்தது. ஆனால் கழுத்தில் வெள்ளைப் புள்ளிகள், வளைந்த கரிய வால். "காட்டுக் கோழி. தென்னாட்டுக் காடுகளில்தான் இதை அதிகம் பார்க்கலாம்" என்று அண்ணா காதோடு சொன்னார். காருக்குள் ஆறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அது எங்களை ஒரு கண்ணால் பார்த்தது; பிறகு இவர்கள் ஒன்றும் பெரிய மனிதர்கள் அல்ல என்று தீர்மானித்தாற்போல் திரும்பிப் போய்விட்டது.

மலை ஏற ஏறக் காடும் மாறுகிறது. அடிவாரத்தில் முள்ளும் புதருமாக இருந்தது, மேலே போகப் போக உயர்ந்த மரங்களாயிற்று. காற்றிலும் ஒரு குளிர்ச்சி. கண்ணாடியை இறக்கினோம். சில்வண்டின் சத்தம் காதைத் துளைத்தது. பட்டணத்தில் சத்தம் இல்லாத இடத்தைத் தேடுகிறோம். இங்கே இந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வர வேண்டியிருக்கிறது.

*

இனிமேல் நான் சொல்லப் போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு பலகை: 'வன விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள்.' அதற்கு நேர் கீழே, கைப்பிடிச் சுவரின் மேல், பத்துப் பன்னிரண்டு குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பந்தியில் இலை போடக் காத்திருப்பவர்களைப் போல! நம் ஊர்களில் காணும் நாட்டுக் குரங்குதான். உச்சந்தலையில் மயிர் வகிடெடுத்துக் குல்லாய் போட்டாற்போல் இருக்குமே, அது. ஒரு தாய்க் குரங்கின் வயிற்றைப் பற்றிக்கொண்டு பிஞ்சு விரல்களோடு ஒரு குட்டி.

"அம்மா, அம்மா! ஒரு பழம் போடு அம்மா! எதிர் வீட்டில் அவர்கள் போட்டார்களே!" என்று சின்னவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அண்ணா முன் சீட்டிலிருந்து, "வேண்டாம், குழந்தை" என்றார். பலகையை நானும் படித்தேன். இருந்தாலும் அந்தத் தாயையும் குட்டியையும் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பழம் போட்டால் என்ன குற்றம்? புண்ணியம்தானே? பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து ஜன்னல் வழியாக வீசினேன்.

என் கை பழக்கமில்லாத கை. பழம் சுவரில் விழவில்லை. நடுச் சாலையில் போய் விழுந்தது.

தாய்க் குரங்கு ஒரே தாவாகத் தாவிச் சாலைக்கு வந்தது. அதன் பின்னால் மற்றவையும் இறங்கின. அதே சமயம் வளைவுக்கு மேலிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி இறங்கி வந்தது.

பிரேக்கின் அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. லாரி ஒரு பக்கம் சாய்ந்து, பள்ளத்தின் பக்கமிருந்த சுவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. மேலிருந்து இரண்டு மூட்டைகள் சரிந்து விழுந்தன. மூட்டைகளின் மேல் நான்கு பேர் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர்களில் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு இருந்தாள். கயிற்றை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

லாரிக்காரர் கீழே இறங்கி வந்தார். நன்றாகத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார்; பிள்ளைகளைப் பார்த்தார்.

"அம்மா, நான் மட்டும்னா பரவாயில்லீங்க. மேல ஆளுங்க இருக்காங்க" என்றார். அவ்வளவுதான்.

என் கணவரும் அண்ணாவும் இறங்கி மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. தாய்க் குரங்கு பத்திரமாகச் சுவரின் மேல் ஏறி, பழத்தைக் கன்னத்துப் பையில் அடக்கிக்கொண்டு, அடுத்த பழத்துக்காக என்னையே பார்த்தது. சின்னவன் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

கரியாலூர் வந்ததும் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். தகரக் கூரை, மண் அடுப்பு, அடுப்பின் பக்கத்தில் அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி. "முகமெல்லாம் வெளிறிக் கெடக்குதே! மலை ஏறுனது மயக்கமா, அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கொடுத்தாள். அண்ணி நடந்ததைச் சொன்னார்.

பாட்டி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நீங்க போடுறது ஒரு பழம். நீங்க போயிடுவீங்க. அது நாளைக்கு எங்க போவும்? எங்க வூட்டுக்குத்தான் வரும். ஓட்டைப் பிரிச்சு உள்ளே எறங்குது. காயப்போட்ட சாமையை வாருது. கொல்லையில கெழங்கைப் பறிச்சுப் போடுது. முன்னெல்லாம் மனுசனைக் கண்டா ஓடும். இப்போ கம்பை எடுத்தாக்கூட பல்லைக் காட்டுது. அதும்மேல குத்தமில்லே, தாயீ. பழக்கினது யாரு?"

பழக்கியவர்களில் ஒருத்தி டீயை ஊதிக் குடித்தேன். பேச்சை மாற்றலாம் என்று, "இந்தச் சாலை வந்தபின் உங்களுக்குத் தொந்தரவு அதிகம்தான், இல்லையா?" என்று கேட்டேன்.

பாட்டி நிமிர்ந்து பார்த்தாள். "அப்படிச் சொல்லிடாதீங்க. ரோடு இல்லாத காலத்தை நீங்க பார்க்கலே. என் நாத்தனாளுக்கு இடுப்பு வலி கண்டுச்சு. ராத்திரி மழை. கம்புல துணியைக் கட்டி, அதுல படுக்க வெச்சு, நாலு பேரு தூக்கிக்கிட்டு எறங்கினாங்க. நான் லாந்தரைப் புடிச்சிக்கிட்டு முன்னால நடந்தேன். பாதி வழியிலே..." அவள் நிறுத்தி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "அப்போ இந்த ரோடு இருந்திருந்தா அவளும் இன்னிக்கு ஒரு பாட்டியா இங்க குந்திக்கிட்டு இருப்பா."

யாரும் பேசவில்லை. 'என் நாத்தனார்' என்று நான் அடிக்கடி சொல்லும் சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காரில் ஏறியதும் அண்ணா மெதுவாகச் சொன்னார். இந்த மலையில் பெரும்பாலும் வசிப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று அவர்கள் கதை சொல்வார்கள். நாடு சுதந்திரம் பெற்று எத்தனையோ வருஷம் வரை மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்பவை அவர்களுடைய பட்டப் பெயர்கள். 1976-ல்தான் அரசாங்கம் மலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2024-ல் அந்தச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் வாழ்க்கையைப் பற்றித் தானாகவே ஒரு வழக்கை எடுத்து விசாரித்தது. மலை மக்கள் ஓட்டுப் போடத் தொடங்கியதே 1996-ல்தான் என்பது அப்போது பேசப்பட்டது. சாலைகளைப் பற்றியும் நீதிபதிகள் கேட்டார்கள்.

"நாம் வேடிக்கை பார்க்க வரும் சாலை, அவர்களுக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை. சாலை வேண்டும், அம்மா. அதில் போகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்" என்றார் அண்ணா.

*

அன்று பகல் முழுவதும் மலைமேல் சுற்றினோம். கரியாலூரில் படகுத் துறையும் சிறுவர் பூங்காவும் இருக்கின்றன. சாலைக்கு அருகிலேயே பெரியார் அருவி. மழை முடிந்த சமயமாதலால் பாறையின் மேல் பால் காய்ச்சி ஊற்றினாற்போல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேகம் அருவி என்று ஒன்று இருக்கிறதாம்; அதற்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். அண்ணியின் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. வெள்ளிமலைதான் மலைமேலுள்ள தாலுகாவின் தலைமை இடம். மேலே போய்விட்டால் மலை என்றே தோன்றாது. பரந்த மேட்டு நிலம், அதில் மரவள்ளித் தோட்டம், சாமை, தினை, நடுவே சிறு சிறு ஊர்கள்.

மரவள்ளியைப் பார்த்ததும் எனக்கு ஒரு புது ஞானம் உண்டாயிற்று. இந்தக் கிழங்கு மலையை விட்டு இறங்கி ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கே அரைத்துப் பால் எடுத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்து, உலர்த்தினால் அதுதான் ஜவ்வரிசி! நம் வீட்டுப் பாயசத்திலும் வற்றலிலும் இருக்கும் அந்த முத்துக்கள், நான் வீசிய பழத்தால் சரிந்து விழுந்த மூட்டைகளைப் போன்ற ஒன்றிலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும்.

வெள்ளிமலையில் கால் கிலோ கடுக்காய் வாங்கினேன். கல்வராயன் மலைக் கடுக்காய்க்குப் பேர் உண்டு. தோல் பதனிடவும் சாயத்துக்கும் மருந்துக்கும் மூட்டை மூட்டையாகக் கீழே போகிறது. என் பாட்டி இருந்திருந்தால் இதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள்.

*

நாலு மணிக்கே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கடுக்காய் பேரம் முடிய ஐந்தாகிவிட்டது. மலைச் சாலையில் இருட்டியபின் போகக் கூடாது என்று அண்ணா சொல்லிக்கொண்டே வந்தார். "இரவில் சாலை அவற்றுடையது" என்றார். சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைப்பாதை வழியாக இரவில் பொது வண்டிகள் போக 2022-லிருந்து தடை இருக்கிறதாம். வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்காமல் மரத்துக்கு மரம் போவதற்காக உயரத்தில் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம்.

"உன் இமயமலைச் சாலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை" என்று சின்னவனிடம் சொன்னார். "நம் சேலத்து வழியாகப் போகிறதே 44-ஆம் எண் நெடுஞ்சாலை, அது கன்யாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போகிறது. நடுவில் பெஞ்ச் என்ற புலிக் காட்டைக் கடக்கிறது. அங்கே சாலையைத் தூணின் மேல் உயர்த்திக் கட்டி, அடியில் விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். புலிகள் கீழே நடந்து போவதைக் காமிரா வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள்."

"நம் மலையில் பாலம் இல்லையே, மாமா?"

"இல்லை. அதனால் நாம்தான் பாலமாக இருக்க வேண்டும். மெதுவாகப் போக வேண்டும்."

கடைசி வளைவுகளுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. "அப்பா, நிறுத்து" என்று சின்னவன் கிசுகிசுத்தான். இவர் காரை நிறுத்தி விளக்கைத் தணித்தார். முப்பது அடி தூரத்தில் சாலையோரத்தில் ஒரு தலை. பெரிய காதுகள். பிறகு ஒரு புள்ளிமான் முழுவதுமாக வெளியே வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், கால் இன்னும் ஊன்றிப் பழகாத ஒரு குட்டி. பெரிய மான் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றது. குட்டி சாலையைக் கடந்து, அடுத்த பக்கத்துப் புதருக்குள் போகும் வரை அது நகரவில்லை. பிறகுதான் தான் போயிற்று.

காலையில் லாரியின் மேல் கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்தத் தாயை நினைத்துக்கொண்டேன்.

பையில் இன்னும் ஐந்து வாழைப்பழங்கள் மிச்சம் இருந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை. கச்சிராயபாளையம் வந்து தெருவிளக்கைப் பார்த்தபின்தான் பிள்ளைகள் உரித்துத் தின்றார்கள். தோலை நானே பையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

*

நீங்களும் போவதானால் மழைக்குப் பிறகு, டிசம்பர், ஜனவரியில் போங்கள். கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அருவியில் இறங்குமுன் தண்ணீர் வரத்தைப் பற்றி ஊர்க்காரர்களைக் கேளுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். பொழுது சாயுமுன் இறங்குங்கள். சாப்பாட்டு மூட்டையை ஜன்னலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குரங்குக்கு மட்டுமல்ல, உங்கள் கைக்கும் எட்டாத இடத்தில்.

ஊர் திரும்பிய அன்று மாலையே எதிர் வீட்டு அம்மாள் வந்துவிட்டாள். "எங்கே, படம் காட்டுங்கள். குரங்கு காரின் மேல் ஏறிற்றா?" என்றாள்.

செல்போனைத் தேடினால் அதில் அணையின் படம் இருக்கிறது. அருவியின் படம் இருக்கிறது. குரங்கின் படம் இல்லை. மானின் படமும் இல்லை. அந்த நேரத்தில் யாருக்கும் படமெடுக்கத் தோன்றவே இல்லை.

நான் பதில் சொல்வதற்குள் சின்னவன் முந்திக்கொண்டான்.

"குரங்கு ஏறலே, மாமி. நாங்க பழம் போடலே" என்றான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு தடவைதான் போட்டோம்" என்று திருத்திச் சொன்னான்.